பழைய ரேஸ் சைக்கிள்: ஓட்டிப் பார்க்கும் முன் கழற்றிப் பாருங்கள்

"ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினேன், வழுக்கிக்கொண்டு போகிறது" என்று சொல்லித்தான் அந்த சைக்கிளை ஒருவர் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். புதுப் பெயிண்ட், புது ஹேண்டில் டேப். சீட்டை மட்டும் இரண்டு விரற்கடை இறக்க வேண்டுமாம். போல்ட்டைத் தளர்த்தினேன். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தும் பயனில்லை. கடைசியில் மேலே நீட்டியிருந்ததை வெட்டிவிட்டு, ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு, போஸ்ட்டை நெடுக அறுத்துத் துண்டாக உருவினேன். அரை நாள் வேலை. கூலியைக் கேட்டதும் அவர் சைக்கிளை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட். நடுவில் மழைநீரும் வியர்வை உப்பும் இறங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூப்பு இடைவெளியை அடைத்து இரண்டையும் ஒன்றாக இறுக்கிவிடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கும் இதே கதிதான். ஆக, பார்க்கப் போகும்போது விற்பவரிடம் கேட்டுக்கொண்டு இந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்திப் பாருங்கள். ஸ்டெம் போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபட வேண்டும்.

போஸ்ட் வெளியே வந்தால் அதில் பொறித்த அளவையும் பாருங்கள். அது போஸ்ட்டின் விட்டம். 27.2 மில்லிமீட்டர் என்றால் ஃபிரேம் பெரும்பாலும் மெல்லிய சுவருள்ள, நல்ல குழாய். 25.4 பக்கம் என்றால் சுவர் தடித்த சாதா குழாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது சட்டம் இல்லை, 26.4 போட்ட அருமையான பழைய பிரெஞ்சு ஃபிரேம்களும் உண்டு. ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். நல்ல ஃபிரேமுக்குப் பேர்போன ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935-இல் வந்தது; அந்தப் பேர் போட்ட ஸ்டிக்கரை இன்றைக்கும் புதிதாக வாங்கி ஒட்டலாம்.

அடுத்தது விரல் வேலை. முன்பக்கக் குழாயிலிருந்து பெடல் பக்கம் சரிந்து இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை, மேல்முனையிலிருந்து ஒரு சாண் தூரம் விரல் நுனியால் தடவுங்கள். நேருக்கு நேர் எதிலாவது மோதிய சைக்கிள் என்றால் அங்கேதான் சின்ன மடிப்பு விழும். புதுப் பெயிண்ட் கண்ணை ஏமாற்றலாம், விரலை ஏமாற்றுவது கஷ்டம். மடிப்பு தட்டுப்பட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்புறம் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: முன்வீலைப் பிடிக்கும் ஃபோர்க்கின் மேல்பாதி, முன்குழாயோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும்; பின்னால் வாங்கியிருந்தால் அதுவும் மோதல்தான்.

வீலில் இரண்டு விஷயம். பழைய 27 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர், இன்றைய ரேஸ் சைக்கிள்களின் வழக்கமான அளவான 700சி-யில் 622. டயர் ஒன்றுக்கொன்று சேராது. 700சி வீலுக்கு மாற்றினால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும், எல்லா பிரேக்கும் அவ்வளவு இறங்காது. ரிம் ஸ்டீலாக இருந்தால் மழையில் பிரேக் பிடிப்பது மிக மோசம்; அலுமினிய வீல் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பழைய பிரெஞ்சு சைக்கிள் என்றால் பெடல் மரையே வேறு அளவு, பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். செயின், கேபிள், பிரேக் கட்டை, டேப் எல்லாம் தேய்கிற சாமான்கள், எப்படியும் மாற்றப் போகிறீர்கள். துருவைப் பார்த்தும் பயப்படாதீர்கள். மேல்துரு தேய்த்தால் போய்விடும்; பெயிண்ட் கொப்புளித்து, அழுத்தினால் உள்வாங்குகிற துருதான் ஆபத்து.

இவ்வளவும் தேறினால் ஏறி ஓட்டிப் பாருங்கள். போல்ட்டைத் தொடவே விடமாட்டேன் என்கிறாரா விற்பவர்? சரி, போஸ்ட் சிக்கியிருக்கிறது என்றே கணக்குப் போட்டு, என் அரை நாள் கூலியைக் கழித்துக்கொண்டு விலையைப் பேசுங்கள்.