சிமுலேஷன்: உவமையா, உருவகமா?

ஜெனீவா பக்கத்தில் பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையத்துக்குள் புரோட்டான்களை ஓடவிட்டு மோதவைக்கிறார்களே, அந்த செர்ன் ஆய்வகத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒரு சொல் கட்டாயம் காலை இடறும். சிமுலேஷன். நிஜ மோதலைப் போலவே கணினிக்குள் கோடிக்கணக்கில் மோதல்களை நடத்திப் பார்க்கும் வேலை. பலரும் ‘உருவகப்படுத்தல்’ என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது ஒட்டவே இல்லை.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘சிமிலிஸ்’ என்றால் போன்ற, ‘சிமுலாரே’ என்றால் போலச் செய்தல், பாசாங்கு செய்தல். ஆங்கிலத்திலும் முதலில் பாசாங்கு என்ற பொருள்தான், நம் பேச்சில் ‘சும்மா பாவலா காட்டுறான்’ என்போமே, அது. போன நூற்றாண்டின் நடுவில் கணினி வந்த பிறகுதான் சொல்லுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. உவமைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘சிமிலி’யும் இதே வேர்தான். சரி, இப்போது நம் அணியிலக்கணத்துக்கு வாருங்கள்: ‘தாமரை போன்ற முகம்’ உவமை, ‘முகத்தாமரை’ உருவகம். உருவகத்தில் ‘போன்ற’ காணாமல் போய் முகமே தாமரையாகிவிடும். சிமுலேஷனில் அந்தப் ‘போன்ற’ தொலைந்தால் எல்லாம் போச்சு.

இரண்டு புரோட்டான்கள் மோதினால் இன்னின்ன துகள்தான் தெறிக்கும் என்று குவாண்டம் இயற்பியல் அறுதியிட்டுச் சொல்லாது, நிகழ்தகவைத்தான் தரும். அதனால் பிதியா என்ற நிரல் (பழைய கிரேக்கத்தின் டெல்ஃபி கோயிலில் குறி சொன்னவளின் பெயர், பொருத்தம்தான்) தாயம் உருட்டுகிற மாதிரி ஒவ்வொரு மோதலாக உண்டாக்கும். அப்புறம் ஜியண்ட்4 என்ற இன்னொரு நிரல், தெறித்த துகள்கள் உணர்கருவிக்குள் எதில் முட்டி எவ்வளவு ஆற்றலை இழக்கும் என்று அடிமேல் அடியாகக் கணக்கிடும். கடைசியில் கிடைப்பது நிஜக் கருவி தரும் தரவின் வடிவிலேயே இருக்கும். மற்ற துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் துகள் இருந்தால் கருவியில் எப்படித் தெரியும் என்று, அதைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன 2012 ஜூலை 4 அறிவிப்புக்குப் பல ஆண்டுகள் முன்பே இப்படித்தான் செய்து பார்த்து வைத்திருந்தார்கள். கணினி காட்டியதும் கருவி காட்டியதும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று துழாவுவதே பாதி ஆராய்ச்சி. இரண்டும் ஒன்றே என்றால் துழாவ என்ன இருக்கிறது?

சிமுலேஷனுக்கு வேறு சொல் தேடினால், ‘பாவனை’ அழகான சொல், ஆனால் இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். ‘போலி’ என்றாலோ போலிப் பத்திரம்தான் ஞாபகம் வரும். ஆகவே என் ஓட்டு ‘ஒப்புருவாக்கம்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் ‘மோதலை ஒப்புருவாக்கினார்கள்’ என்று வினையாகவும் வளைகிறது.

இயற்பியலாளர்களோ ஒப்புருவாக்கிய தரவை வெறுமனே ‘மான்டே கார்லோ’ என்றே சொல்வார்கள். 1946இல் உடம்பு சரியில்லாமல் ஓய்வில் கிடந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, ஆட்டம் கைகூடும் வாய்ப்பைக் கணக்குப் போட்டு மண்டையை உடைப்பதைவிட நூறு தடவை ஆடி எண்ணிவிடலாமே என்று தோன்றியதாம். அந்த முறைக்குப் பெயர் வைத்தவர் அவருடைய சகா நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ். உலாமின் சித்தப்பாவோ மாமாவோ ஒருவர், சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டே கார்லோவுக்குப் போயே ஆகவேண்டும் என்று சொந்தக்காரர்களிடம் கடன் கேட்டுக்கொண்டே இருப்பாராம்.