கருவியை நீட்டுமுன் முடிவைக் கையில் கொடுங்கள்: அருங்காட்சியகமும் பதின்பருவத்தினரும்

அருங்காட்சியகத்துக்குச் சிறு பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் வருகிறார்கள். வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். இடைப்பட்ட 13 முதல் 18 வயதுக்காரர்கள் தாமாக வருவது குறைவு. இதைக் கவனித்ததும் பல நிர்வாகங்கள் செய்யும் முதல் வேலை, விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடியும் தொடுதிரையும் வாங்குவது. வாங்குமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் பார்க்க 5 நிமிடம்; துடைத்து அடுத்தவர் தலையில் பொருத்த 2 நிமிடம். இரண்டு கண்ணாடிகளோடு 30 பேர் வந்தால் எல்லோரும் பார்த்து முடிக்க 105 நிமிடம். எந்த நேரத்திலும் 28 பேர் சும்மா நிற்கிறார்கள். அவர்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியோ அந்தத் திரையைவிட வேகமானது.

புதுக் கருவியைப் பார்த்து இந்த வயதுக்காரர்கள் மயங்குவதில்லை. தங்கள் முடிவால் ஏதாவது மாறுமா என்றுதான் பார்க்கிறார்கள். சிறுவர் பங்கேற்பு ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதன் கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை: ஆட்டுவித்தல், அலங்காரத்துக்கு நிறுத்துதல், பெயருக்குச் சேர்த்தல். விழாவில் ஒரே மாதிரிச் சட்டை போட்டு வரிசையில் நிற்கவைப்பது இரண்டாம் படி. எல்லாம் முடிவான பிறகு ‘இளைஞர் குழு’ கூட்டிக் கருத்துக் கேட்பது மூன்றாம் படி. அருங்காட்சியகத் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில்தான் நின்றுவிடுகின்றன என்பது எங்கள் கணிப்பு.

மினியாபொலிஸின் வாக்கர் கலை மையம், நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஆகியவை 1990-களிலேயே பதின்பருவத்தினருக்கான நீண்டகாலத் திட்டங்களைத் தொடங்கின. இந்த இரண்டு உட்பட நான்கு அமெரிக்க நிறுவனங்களின் முன்னாள் பங்கேற்பாளர்களை ஆராய்ந்த அறிக்கை 2015-இல் வெளியானது. அந்தத் திட்டங்களில் பொதுவாக இருந்தவை மாதக்கணக்கில் நீளும் காலம், உண்மையான வேலை, கூடவே நிற்கும் ஊழியர். ஒரு நாள் பயிலரங்கில் இந்த மூன்றும் கிடைக்க வழியில்லை.

குழுவைச் சேர்ப்பது

பொருளைத் தேர்ந்து, படியெடுத்து, விளக்கம் எழுதும் குழுவுக்கு 12 முதல் 15 பேர் போதும். அவர்களை நான்கு ஐந்து பேராகப் பிரித்தால் யாரும் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. ஆசிரியரிடம் ‘நல்ல மாணவர்களை அனுப்புங்கள்’ என்று கேட்டால் மதிப்பெண் வாங்குபவர்கள்தான் வருவார்கள்; நீங்கள் தேடுகிறவர்கள் வரமாட்டார்கள். விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்காதீர்கள். எழுதத் தயங்குபவர் ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பட்டும். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம், எட்டு முதல் பத்து வாரம். தேர்வுக் காலத்தைத் தவிர்த்துத் தேதி வையுங்கள். பயணப்படி, சிற்றுண்டி, முடிந்தால் ஊக்கத்தொகை ஆகிய மூன்றும் வரவு செலவில் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். இவை இல்லையென்றால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கடைசி வாரம் வரை வருவார்கள்.

முதல் நாளே ஒரு பக்கத் தாளில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள். அவர்களே முடிவு செய்யக்கூடியவை எவை: எந்தப் பொருள், எந்த வடிவம், எந்த நடை. அவர்கள் கையில் இல்லாதவை எவை: பொருளின் பாதுகாப்பு, தகவலின் சரித்தன்மை, செலவு வரம்பு. மூன்றாவது, காப்பாட்சியர் எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒரு வாரம் என்று எழுதிவிட்டால் அது ஊழியர்களையும் கட்டும். திட்டம் சாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு விளக்கக் குறிப்பு நான்கு மேசை தாண்டி ஆறு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது, எழுதிய பிள்ளை போயிருக்கும்.

முதல் சந்திப்பைக் காட்சிக்கூடச் சுற்றலில் வீணாக்க வேண்டாம். சேமிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். காப்பாட்சியர் முன்கூட்டியே பிரித்து வைத்த இருபது பொருள்களிலிருந்து குழு நான்கைத் தேர்ந்தெடுக்கட்டும். ‘பயன் தெரியவில்லை’ என்று பதிவேட்டில் இருக்கும் பொருள்களையும் அந்த இருபதில் சேருங்கள். அவற்றைச் சுற்றித்தான் பேச்சு சூடுபிடிக்கும். விதிகள் எளியவை: மோதிரம், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும், மேசையில் நுரை விரிப்பு வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும்.

முப்பரிமாணப் படியெடுப்பு

ஒரு குழு வேலைக்குப் போட்டோகிராமெட்ரி அளவுக்குப் பொருந்தும் தொழில்நுட்பம் குறைவு. பல கோணப் புகைப்படங்களிலிருந்து கணினி முப்பரிமாண உருவத்தைக் கட்டுகிறது. ஒருவர் சுழற்ற, ஒருவர் படமெடுக்க, ஒருவர் பதிவேடு எழுத, ஒருவர் படத்தின் கூர்மையைச் சரிபார்க்க என்று வேலை தானாகப் பிரிகிறது. வாராவாரம் பொறுப்பை மாற்றுங்கள். இல்லையென்றால் கேமரா ஒருவர் கையிலேயே தங்கிவிடும்.

கையளவு மண்பானை ஒன்றுக்கு: 10 பாகைக்கு ஒரு படம் வீதம் ஒரு சுற்றுக்கு 36 படம். மூன்று உயரங்களில் மூன்று சுற்று என்றால் 108. அடிப்பகுதிக்குப் பானையைச் சாய்த்து மேலும் ஒரு சுற்று; மொத்தம் 144. சாய்க்கலாமா என்பதைப் பாதுகாப்பு வல்லுநர்தான் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த படங்கள் 60 முதல் 80 விழுக்காடு ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8 முதல் எஃப்/11, பரவலான வெளிச்சம், ஃப்ளாஷ் வேண்டாம். பொருள் அசையாததால் ஷட்டர் மெதுவாக இருந்தாலும் கவலையில்லை. பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். மென்பொருளுக்கு வடிவம் தெரியும், அளவு தெரியாது.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. சுழல்மேடையில் வைத்து எடுக்கும்போது பின்னணியில் சுவரொட்டியோ அலமாரியோ இருந்தால், அசையாத அந்தப் புள்ளிகளை மென்பொருள் பிடித்துக்கொண்டு குழம்பும். வெற்றுத் துணியைத் தொங்கவிடுங்கள். மெருகேறிய வெண்கலம், கண்ணாடி, மெல்லிய சங்கிலி ஆகியவை இன்னொரு தொல்லை. பளபளப்பு கேமராவோடு சேர்ந்து நகர்வதால் கணினி அதைப் பொருளின் மேற்பரப்பு என்று நம்பி ஓட்டைகளையும் முண்டுகளையும் உண்டாக்கும். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் வெள்ளைப் பொடி தெளித்துச் சமாளிப்பார்கள். அரும்பொருளில் அதை நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. முதல் முயற்சிக்குச் சுடுமண், கல், மரம் நல்லவை.

படங்களிலிருந்து உருவம் கட்டும் மெஷ்ரூம் இலவச மென்பொருள், ஆனால் முழுவதுமாக இயங்க என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை தேவை. சாதாரணக் கணினியில் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் ஓடவிட்டுப் போவது வழக்கம். வெளிவரும் உருவத்தின் மேற்பரப்பு பல லட்சம் சிறு முக்கோணங்களால் ஆனதாக இருக்கும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அவற்றை 50,000 முதல் 1,00,000 வரையாகக் குறைத்து, ஜிஎல்பி என்ற முப்பரிமாணக் கோப்பாகச் சேமித்தால் கைபேசியில் திக்காமல் சுழலும்.

சமயச் சடங்குப் பொருள்கள், மனித எச்சங்கள், பறித்து வரப்பட்டவை என்று உரிமைகோரல் உள்ளவை ஆகியவற்றைப் படியெடுக்குமுன் உரிய சமூகத்தாரிடம் கேளுங்கள். ‘ஏன் கேட்க வேண்டும்?’ என்று குழுவில் ஒருவர் நிச்சயம் கேட்பார். அந்த விவாதத்துக்கு ஒரு சந்திப்பையே ஒதுக்கலாம்.

கேமராவுக்கும் வழியில்லாத சிறு நிறுவனங்கள் திறந்த தொகுப்புகளிலிருந்து தொடங்கலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும் அமெரிக்க அருங்காட்சியகக் கூட்டமைப்பான ஸ்மித்சோனியன் 2020-இலும் லட்சக்கணக்கான படங்களைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டன. ஸ்மித்சோனியன் தொகுப்பில் முப்பரிமாண உருவங்களும் உண்டு.

எழுத்தும் குரலும்

தற்போதைய விளக்கப் பலகை ஒன்றைக் கொடுத்து, புரியாத சொற்களைக் கோடிடச் சொல்லுங்கள். பிறகு 60 சொல்லுக்குள் அவர்களே எழுதட்டும். இன்னொரு நல்ல பயிற்சி: செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடம் அதே பொருளைப் பற்றி ஒரு பத்தி கேட்டு வாங்கி, பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பிழைகளைச் சிவப்பில் குறிப்பது. எதையும் உறுதியாகச் சொல்லும் நடைக்கும் சான்றுக்கும் உள்ள இடைவெளி அப்போது கண்முன் தெரியும். ஒலிக்குறிப்பு என்றால் 90 நொடிக்குள். எதிரொலிக்கும் கூடத்தில் பதிவு செய்யாமல், திரைச்சீலை, புத்தக அடுக்கு நிறைந்த சிறு அறையில் கைபேசியிலேயே செய்தால் போதும்.

இவற்றைப் பார்வையாளரின் கைபேசியில் திறக்கும் க்யூஆர் கோட்டின் பக்க அளவு, படிக்கும் தூரத்தில் பத்தில் ஒன்று: 50 செ.மீ. தள்ளி நிற்பவருக்கு 5 செ.மீ. சுற்றிலும், கோட்டில் உள்ள சிறு கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விடுங்கள். வடிவமைப்பாளர்கள் அழகுக்காக வெட்டுவது இதைத்தான். பேழைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் விளக்கொளி மறைக்கும். இலவசச் சேவை தரும் சுருக்க இணைப்பு என்றாவது நின்றுபோகலாம், ஆகவே உங்கள் சொந்த இணையதள முகவரியே கோட்டுக்குள் இருக்கட்டும். கூடத்தின் உள்மூலையில் சிக்னல் வருகிறதா என்றும் முதலிலேயே பாருங்கள். செயலியைத் தரவிறக்கச் சொன்னால் பாதிப்பேர் அங்கேயே விலகுவார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கமாக: பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும், ஒரு சந்திப்பில் இரு பெரியவர்களுக்குக் குறையக்கூடாது, ஊழியர் தனிப்பட்ட எண்ணிலிருந்து யாருக்கும் தனிச்செய்தி அனுப்பக்கூடாது, சமூக ஊடகக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். படைப்பின் உரிமை யாருக்கு என்பதை முதல் வாரமே எழுதிக்கொள்ளுங்கள். பெயரைப் பலகையில் போட விரும்புகிறவர்கள் போடட்டும், விரும்பாதவர்கள் விடட்டும்.

பலன் பார்க்க, திறப்பு விழாவின் கூட்டத்தை எண்ணிப் பயனில்லை. முதல் வாரம் வந்தவர்களில் எட்டாம் வாரமும் வந்தவர் எத்தனை பேர், திட்டம் முடிந்த பிறகு அழைக்காமலே வந்தவர் யார், புதிய குறிப்பின் முன் பார்வையாளர் எத்தனை நொடி நிற்கிறார், பழையதன் முன் எத்தனை நொடி நின்றார் ஆகியவற்றை எண்ணுங்கள். அந்தக் கடைசிக் கணக்கைக் குழுவே கடிகாரத்தோடு நின்று எடுக்கலாம்.

முடிந்த உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு ரா (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூல) படம் 25 எம்பி என்றால் 144 படத்துக்கு ஏறத்தாழ 3.6 ஜிபி, அதற்கு இடம் ஒதுக்குவது பெரிய செலவில்லை. மென்பொருள் மேம்படும்போது அதே படங்களிலிருந்து துல்லியமான உருவம் எடுக்கலாம். கோப்பின் பெயரில் பொருளின் பதிவு எண், தேதி, சுற்று எண் மூன்றும் இருந்தால் அடுத்த ஆண்டுக் குழு அங்கிருந்தே தொடரலாம்.