பிறழ்ந்த செல் சாகிறது, பக்கத்துச் செல் பெருகுகிறது

மரபணுவில் பிறழ்வு என்றதும் அதன் வேலை நின்றுவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பழ ஈயின் திசுக்களைத் தினமும் நுண்ணோக்கியில் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிற்க வேண்டிய வேலை நிற்காமல் ஓடுவதும் அதே அளவுக்கு ஆபத்து.

செல்லின் மேற்பரப்பில் நாட்ச் என்ற ஏற்பிப் புரதம் இருக்கிறது. பக்கத்துச் செல்லின் செய்தியை வாங்குவது அதன் வேலை. இத்தகைய ஏற்பிகளைச் செல் அவ்வப்போது உள்ளே இழுத்து, எண்டோசோம் என்ற சவ்வுப் பைகளில் சேர்க்கும். சில மேற்பரப்புக்கே திரும்பும். கழிக்க வேண்டியவற்றை எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டம் பைக்குள் குட்டிக் குமிழ்களாகக் கிள்ளி அடைக்கும். அப்புறம் அவை செல்லின் கழிவுச் சிதைப்புப் பையான லைசோசோமில் சிதைந்துவிடும்.

இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த விபிஎஸ்25 மரபணுவைக் கெடுத்தால் என்ன ஆகும்? ஈ புழுவாக இருக்கும்போதே, பின்னால் கண்ணாகப்போகும் திசுவில் சில செல்களில் மட்டும் பிறழ்வை உண்டாக்கலாம். நல்ல செல்கள் பச்சையாக ஒளிரும். பிறழ்ந்தவை கருந்திட்டுகளாகத் தெரியும். அந்தத் திட்டுகளுக்குள் நாட்ச் தடித்த புள்ளிகளாகக் குவிந்திருக்கும். குவிந்தது சும்மா கிடப்பதில்லை. யாரும் செய்தி தராமலேயே வெட்டுப்பட்டு, அதன் ஒரு துண்டு உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அன்பேர்டு என்ற வளர்ச்சிப் புரதம் சுரந்து அக்கம்பக்கம் பரவுகிறது.

2005இல் வெளியான ஆய்வுகள் காட்டியது இன்றும் என்னை வியக்கவைக்கிறது. பிறழ்ந்த செல்கள் பெரும்பாலும் செத்துப்போகின்றன. பெருகுபவை எந்தக் குறையும் இல்லாத அண்டைச் செல்கள்! அந்தச் சாவைத் தடுத்தால் பிறழ்ந்த செல்களும் கட்டிபோல வளர்கின்றன. அதனால்தான் கருந்திட்டை மட்டும் அளக்காதீர்கள், அதன் விளிம்பையும் பாருங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

இதே பாதையில் விபிஎஸ்25க்கு முந்தைய கட்டத்தில் வேலை செய்யும் எச்ஆர்எஸ் மரபணு கெட்டாலும் நாட்ச் குவியத்தான் செய்கிறது. ஆனால் இப்படி முடுக்கம் பெறுவதில்லை. எந்தப் படியில் அடைப்பு என்பது அவ்வளவு முக்கியம்.

மனிதர்களிலும் இந்தப் பாதை உண்டு. எஸ்கார்ட் கூட்டத்தின் சிஎச்எம்பி2பி மரபணுவில் ஏற்படும் ஒரு பிறழ்வு, டென்மார்க் குடும்பம் ஒன்றில் முதுமை மறதி வகை நோயை உண்டாக்குவது 2005இல் தெரியவந்தது. அங்கே சிக்கல் புரதம் இல்லாமல் போவதல்ல. வால் அறுந்த புரதம் உருவாகிப் பாதையை அடைப்பதுதான். ஆகவே மரபணுப் பரிசோதனை அறிக்கையில் மரபணுவின் பெயரைப் பார்த்ததும் கலங்க வேண்டாம். எந்த மாற்றம், அது புரதத்தை இல்லாமல் செய்கிறதா, உருக்குலைக்கிறதா, அது நோய் தருவது உறுதியா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.