செஷன் குக்கீயை ஸ்கிரிப்டில் ஒட்டாதீர்கள்

எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரு சப்ளையர் போர்ட்டலிலிருந்து தினமும் காலையில் ஸ்டாக் அறிக்கையை இறக்கித் தரும் பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். ஒருநாள் போர்ட்டலில் ஏதோ பக்கத்தின் முகவரி மாறியதால் அது பிழை காட்டி நின்றது. "அக்கா, லாக் போட்டிருக்கேன், கொஞ்சம் பாருங்க" என்று, ஸ்கிரிப்ட் ஓடும்போது நடந்ததையெல்லாம் பதிந்த அந்த லாக் ஃபைலை அணியின் சாட் குழுவில் போட்டார். வெளியிலிருந்து வந்த ஒப்பந்த ஊழியர்களும் இருக்கும் குழு அது.

லாக்கைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது பிழை இல்லை. அதற்கு நான்கு வரி மேலே 'குக்கீ: ஜேசெஷன்ஐடி=' என்று தொடங்கி 32 எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. அதுதான் அவருடைய செஷன் குக்கீ, லாகின் ஆனவர் என்பதற்குத் தளம் தரும் அடையாளம். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த 32 எழுத்துகளை மட்டும் காப்பி செய்தேன். அந்தப் போர்ட்டலில் எனக்குக் கணக்கே கிடையாது. என் பிரௌசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து குக்கீ மதிப்பாக ஒட்டி, பக்கத்தை ரீலோட் செய்தேன். மேலே வலது மூலையில் அவர் பெயர் வந்தது. பாஸ்வேர்ட் கேட்கவில்லை, ஓடிபி கேட்கவில்லை. ஆர்டர் போடும் பட்டன்கூட வேலை செய்யத் தயாராக நின்றது. அவர் முகம் வெளிறிவிட்டது.

உடனே பாஸ்வேர்டை மாற்றினார். நான் மறுபடி ரீலோட் செய்தேன், இன்னும் அவர் பெயர்தான். பாஸ்வேர்ட் மாற்றினால் பழைய செஷன்கள் தானாகச் சாகும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எத்தனையோ தளங்களில் அப்படி நடப்பதில்லை. அவர் லாக்அவுட் அழுத்திய பிறகுதான் எனக்கு லாகின் பக்கம் வந்தது.

கோயில் வாசலில் செருப்பு விட்டதும் தரும் டோக்கன்போலத்தான் செஷன் குக்கீ. டோக்கனை நீட்டியவருக்குச் செருப்பு; முகத்தை யாரும் பார்ப்பதில்லை. பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான ஹெச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது, ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரௌசர் நிறுவனத்தில் இருந்த லூ மாண்டுலி குக்கீயைக் கொண்டுவந்தார். சர்வர் 'செட்-குக்கீ' என்று ஒரு டோக்கனைக் கொடுக்கும், கிளையன்ட் (பிரௌசரோ ஸ்கிரிப்டோ) அதைத் திருப்பிக் காட்டும். ஓடிபி எல்லாம் டோக்கன் வாங்கும்வரைதான்.

தம்பி குக்கீயை ஏன் ஸ்கிரிப்டில் கையால் ஒட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சோம்பேறித்தனம் இல்லை. முதலில் அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். லாகின் ஆனதும் குக்கீகளை, அவற்றை ஃபைலில் சேமிக்கும் பைத்தான் வசதியான மொசில்லாகுக்கீஜாரில் வைத்து, சேவ் செய்து, மறுநாள் லோட் செய்திருக்கிறார். மறுநாள் ஃபைலில் குக்கீயே இல்லை. காரணம் எளிது: காலாவதித் தேதி இல்லாத குக்கீதான் செஷன் குக்கீ, பிரௌசரை மூடினால் போக வேண்டியது. பைத்தானின் குக்கீ ஜார் அந்த விதியை மதித்து, சேவ் செய்யும்போது அதை விட்டுவிடுகிறது. 'இக்னோர்_டிஸ்கார்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால்தான் எழுதும். லோட் செய்யும்போதும் அதையே கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரி தெரியாமல்தான் பிரௌசரிலிருந்து குக்கீயை எடுத்து, கோரிக்கையோடு போகும் தகவல் வரியான ஹெட்டரில் கையால் ஒட்டத் தொடங்கினார். இதே இடத்தில் தடுக்கி விழுந்த வேறு பலரையும் பார்த்திருக்கிறேன்.

கையால் ஒட்டும்போது என்ன போகிறது தெரியுமா? குக்கீயுடன் சர்வர் அனுப்பும் நிபந்தனைகள் அத்தனையும். டொமைன் சொல்லாவிட்டால் கொடுத்த ஹோஸ்டுக்கு (அந்தத் தள முகவரிக்கு) மட்டுமே திருப்பித் தர வேண்டும், 'செக்யூர்' என்றால் ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் அனுப்பக் கூடாது, பாத் (முகவரியில் தளப் பெயருக்குப் பின் வரும் பகுதி) பொருந்த வேண்டும். 2011-ல் வந்த, குக்கீகளுக்கான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6265 இவற்றைக் கிளையன்டின் கடமையாகவே எழுதியிருக்கிறது. குக்கீ ஜார் இவற்றைக் கவனிக்கும். நீங்கள் எழுதிய ஹெட்டர் வரிக்கு எந்த நிபந்தனையும் தெரியாது. சர்வர் வேறொரு ஹோஸ்டுக்கு ரீடைரக்ட் செய்தால் டோக்கனும் கூடவே போகலாம். டெர்மினலிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியே, கையால் கொடுத்த குக்கீ ஹெட்டரை வேறு ஹோஸ்டுக்கு அனுப்பாமல் தடுக்கத் தொடங்கியது 2019-ல் வந்த 7.64.0 பதிப்பில்தான். அதன்பிறகும் அதே ஹோஸ்டின் வேறு போர்ட்டுக்குப் போகிறது என்று 2022-ல் கண்டுபிடித்து மறுபடி அடைத்தார்கள். அவ்வளவு கவனமாக எழுதப்படும் கருவிக்கே இந்த நிலை.

இன்னொன்று, லாகின் முடிந்ததும் பல சர்வர்கள் செஷன் ஐடியை, அதாவது டோக்கனை, மாற்றிக் கொடுக்கும். அது பாதுகாப்புக்காகத்தான். ஜார் புதியதைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டியது பழையதாகவே இருக்கும்.

அப்புறம் லாக். பைத்தானில் ஹெச்டிடிபி கிளையன்டின் டீபக் லெவலை 1 ஆக்கினால் அனுப்பும் ஹெட்டர்கள் முழுதாக அச்சாகும், குக்கீயும் சேர்த்து. தம்பி செய்தது அதுதான். குக்கீயின் பெயரையும் நீளத்தையும் மட்டும் எழுதினாலே பிழை தேடப் போதும். ஒரு கோரிக்கையைக் கர்ல் கட்டளையாக எடுத்துத் தரும் பிரௌசரின் 'காப்பி ஆஸ் கர்ல்' வசதியும் இப்படித்தான்: டெர்மினலில் ஒட்டினால், கொடுத்த கட்டளைகளைச் சேமிக்கும் ஷெல் ஹிஸ்டரியில் டோக்கன் உட்கார்ந்துவிடும். 2023 அக்டோபரில், நிறுவனங்களுக்கு லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் அமைப்பு உடைக்கப்பட்டபோது, வாடிக்கையாளர்கள் பிழை காட்ட அனுப்பியிருந்த ஹார் ஃபைல்களில் (பிரௌசர் அனுப்பியதும் பெற்றதும் பதிவான ஃபைல்கள்) இருந்த செஷன் டோக்கன்களைத்தான் திருடர்கள் பயன்படுத்தினார்கள். அனுப்பியவர்கள் உதவி கேட்டுத்தான் அனுப்பினார்கள், தம்பி குழுவில் லாக் போட்டதுபோல.

தளத்தின் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழில் பிழை வந்ததும், அதைச் சரிபார்க்காதே என்று 'வெரிஃபை=ஃபால்ஸ்' போட்டு நகர்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறும். 2010-ல் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, திறந்த வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் குக்கீயை ஒரு கிளிக்கில் எடுத்துக் காட்டியது. அந்தக் கதவை அடைக்கவும்தான் தளங்கள் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறின. வலைப்போக்குவரத்தின் நடுவில் நிற்கத் தெரிந்தவருக்கு 'வெரிஃபை=ஃபால்ஸ்' என்ற அந்த ஒரு சொல் கதவை மறுபடி திறந்துவிடுகிறது.

போர்ட்டல் ஏபிஐ சாவி (ஸ்கிரிப்டுகளுக்கென்றே தரப்படும் தனி அனுமதிக் குறியீடு) தருமா என்று முதலில் கேளுங்கள். தந்தால் படிக்க மட்டும் அனுமதி உள்ளதாக வாங்குங்கள், இந்தப் பாடே இல்லை. இல்லாவிட்டால் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் செஷன் ஆப்ஜெக்டிடமே குக்கீயை விட்டுவிடுங்கள். ஃபைலில் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத) ஆக்கி, கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் ஏறாதபடி கிட் இக்னோரில் சேருங்கள். வேலை முடிந்ததும் லாக்அவுட் முகவரியையும் அழையுங்கள். செஷனை க்ளோஸ் செய்தால் இணைப்புகள் மட்டும்தான் மூடும், சர்வரில் டோக்கன் உயிரோடுதான் இருக்கும். செஷன் முடிந்துபோனால் பல தளங்கள் 401 (லாகின் ஆகவில்லை) தருவதில்லை, லாகின் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்து 200 (எல்லாம் சரி) என்று சொல்லிவிடும். எங்களிடமே மூன்று நாள் 'ஸ்டாக்.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்' என்ற பெயரில் லாகின் பக்கம் சேமிக்கப்பட்டுக் கிடந்தது. வந்தது எக்ஸெல் ஃபைலா ஹெச்டிஎம்எல்லா என்று கன்டென்ட்-டைப்பைப் பாருங்கள். மறுபடி லாகின் ஒருமுறை முயலட்டும், அதற்கு மேல் போனால் கணக்கு முடங்கிவிடலாம்.

டோக்கன் ஏற்கெனவே வெளியே போய்விட்டதா? கிட்டில் வரியை அழிக்கவோ சாட்டில் செய்தியை நீக்கவோ ஓடாதீர்கள். கமிட் வரலாற்றில் அது இருக்கும், யாரோ இறக்கியும் வைத்திருப்பார்கள். முதல் வேலை, அந்தச் செஷனை லாக்அவுட் செய்வது. 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' இருந்தால் அது. பிறகு பழைய குக்கீயை ஒருமுறை நீங்களே அனுப்பிப் பாருங்கள், லாகின் பக்கம் வருகிறதா என்று. வராவிட்டால் அந்தத் தளத்தின் நிர்வாகியை அழைத்து, செஷனை அவர்கள் பக்கமிருந்து கொல்லச் சொல்லுங்கள். தம்பியும் அன்று மாலை அந்த இரண்டாவது வேலையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.