பொறி பெருத்தால் பவர் கூடுமா? இக்னிஷன் பூஸ்டர் பற்றி ஒரு மெக்கானிக்

"அண்ணே, பூஸ்டர் ஒண்ணு மாட்டினா பிக்கப் ஏறுமாமே, உண்மையா?" டர்ட் பைக் ஓட்டுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்ஜின், காயில், பிளக் எல்லாம் ஒழுங்காக இருக்கிற வண்டியில் பூஸ்டரால் பவர் ஏறாது. பூஸ்டர் போட்டதும் வண்டி நிஜமாகவே மாறிவிட்டது என்றால், அதுவரை இக்னிஷனில் எங்கேயோ ஒரு கோளாறு இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

பூஸ்டர் என்ற பெயரில் என்னென்னவோ விற்கிறார்கள். பிளக் கேபிளுக்கு நடுவே செருகும் சின்னக் குப்பி, சிடிஐ பெட்டியோடு (பொறியை உரிய நேரத்தில் கிளப்பும் மின்னணுப் பெட்டி) சேர்த்து மாட்டும் இன்னொரு பெட்டி, அதிக வோல்ட் தரும் காயில், எர்த் வயர் கிட், மூன்று நான்கு முனை வைத்த பிளக். வடிவம் எதுவானாலும் வாக்குறுதி ஒன்றுதான்: பொறி பெரிதாகும், அதனால் பவர் கூடும். இதில் முதல் பாதி சில சமயம் உண்மையாகவே இருக்கும். "அதனால்" என்று சேர்க்கிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

முதலில் வோல்ட் கணக்கு. பெரும்பாலான டர்ட் பைக்குகளில் சிடிஐ பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சில நூறு வோல்ட்டைச் சேமித்து, சரியான நேரத்தில் காயிலுக்குள் கொட்டும். காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தும். ஆனால் அந்த வோல்ட் தன் உச்சம் வரை ஏறிவிட்டுத்தான் பாயும் என்று நினைக்க வேண்டாம். பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவையான அளவை எட்டியதுமே பொறி பாய்ந்துவிடும். உடனே வோல்ட் சில நூறுக்குச் சரிந்துவிடும். அந்தத் தேவையைத் தீர்மானிப்பது காயில் அல்ல. பிளக் இடைவெளி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பெட்ரோல் காற்றுக் கலவை, பிளக் முனையின் கூர்மை, இவைதான் தீர்மானிக்கின்றன. நல்ல பிளக்குக்கு அது 10,000 முதல் 20,000 வோல்ட் வாக்கில் இருக்கும். அட்டையில் 50,000 வோல்ட் என்று அச்சடித்த காயிலை மாட்டினாலும் அதே இடத்தில்தான் பொறி பாயும். மிச்சம் கையிருப்பு, அவ்வளவுதான்.

விளம்பரங்களில் பிளக்கை வெளியே எடுத்துப் பிடித்து, தடித்த நீலப் பொறியைக் காட்டுவார்களே, அதில் மயங்க வேண்டாம். வெளிக்காற்றில் பொறி பாய்வது சுலபம். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்ட நிலையில் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வோல்ட் வேண்டும். பார்வைக்குப் பொறி எவ்வளவு தடிமன் என்பதை வைத்து உள்ளே நடப்பதைச் சொல்லவே முடியாது.

சரி, பொறியின் சக்தியாவது கூடினால்? அதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 சிசி இன்ஜின் ஒருமுறை முழுதாக மூச்சிழுத்தால் உள்ளே போகும் காற்று சுமார் 0.3 கிராம். அதோடு எரியும் பெட்ரோல் 0.02 கிராம். அந்தத் துளி பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 900 ஜூல். நல்ல பொறி ஒன்றில் இருப்பது தாராளமாக வைத்தாலும் 0.03 ஜூல், அதாவது முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அடுப்பைத் தீக்குச்சியால் பற்ற வைத்தாலும் தீப்பந்தத்தால் பற்ற வைத்தாலும் சோறு வேகிற நேரம் ஒன்றுதான். கலவை பற்றிக்கொண்டதா இல்லையா என்பதோடு பொறியின் வேலை முடிந்தது. பிஸ்டனைத் தள்ளுவது பெட்ரோல்.

ஆனால் பற்றிக்கொள்ளாமல் போகிற இடங்களும் உண்டு. அங்கேதான் பூஸ்டருக்குப் பெயர் கிடைக்கிறது. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கலாம். இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தருகிற ஸ்டேட்டரின் சுற்று பலவீனமாகி, சூடானதும் பொறி விட்டுப் போகலாம். காயில் சேஸிஸில் உட்காரும் இடத்தில் துருவேறி எர்த் சரியாகக் கிடைக்காமல் இருக்கலாம். கில் சுவிட்ச் வயர் உரசி உரசித் தோல் கிழிந்து, குலுங்கும்போதெல்லாம் பொறி அறுபடலாம்.

என்னிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். மேல் ஆர்பிஎம்மில் மிஸ் அடித்துக்கொண்டிருந்ததாம். பூஸ்டர் மாட்டியதும் நின்றுவிட்டதாம். உரிமையாளருக்கு ஒரே சந்தோஷம். பூஸ்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பிளக் கேப்பைத் திருகி எடுத்தேன். உள்ளே கேபிளின் செம்பு இழைகள் பச்சை பூத்துக் கிடந்தன. 5 கிலோ ஓம் காட்ட வேண்டிய கேப், மல்டிமீட்டரில் எதுவுமே காட்டவில்லை. உள்ளே இருந்த ரெசிஸ்டர் அறுந்துவிட்டது. பொறி அதுவரை இரண்டு இடைவெளிகளைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறது, ஒன்று கேப்புக்குள், இன்னொன்று பிளக்கில். கேபிள் நுனியில் ஒரு விரற்கடை வெட்டி, புது கேப் திருகினேன். பூஸ்டர் இல்லாமலே மிஸ் போய்விட்டது. பூஸ்டர் செய்ததெல்லாம் நோயை மூடி வைத்ததுதான். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் காயிலும் சேர்ந்து போயிருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கேபிள் நடுவே இன்னொரு இடைவெளி வைக்கிற குப்பி வெறும் ஏமாற்று வேலை அல்ல. கரி படிந்த பிளக்கில் வோல்ட் ஏற ஏறக் கரி வழியாகக் கசிந்துவிடும். வெளியே ஓர் இடைவெளி இருந்தால் வோல்ட் போதுமான அளவு ஏறிய பிறகு ஒரே வீச்சில் பிளக்குக்குப் போய்ச் சேரும், அழுக்குப் பிளக்கும் பற்றும். எண்ணெய் குடிக்கும் பழைய இன்ஜின்களை ஓட வைக்க இந்த உத்தி பயன்பட்டது. ஆனால் உங்கள் டூ ஸ்ட்ரோக் ஓயாமல் பிளக்கை நனைக்கிறது என்றால் பார்க்க வேண்டியது கார்புரேட்டர் பெட்ரோல் விடும் அளவை, அதாவது ஜெட்டிங்கையும் ஆயில் கலவையையும், அடைத்துக்கிடக்கும் ஏர் ஃபில்டரையும்.

"நான் ஓட்டிப் பார்த்தேன் அண்ணே, நல்லாவே தெரியுது" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. பூஸ்டர் மாட்டும்போது பெரும்பாலும் புது பிளக்கும் சேர்த்துப் போடுகிறார்கள், துருப்பிடித்த கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார்கள். வித்தியாசம் அதில் வந்திருக்கும். காசு போட்ட பிறகு த்ராட்டிலைக் கொஞ்சம் தாராளமாகத் திருகுவதும் மனித இயல்பு. உண்மை தெரிய வேண்டுமானால் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உங்களுக்குச் சொல்லாமல் ஒருமுறை இணைக்கவும் ஒருமுறை துண்டிக்கவும் சொல்லுங்கள். அதே மேடு, அதே மூன்றாவது கியர், இன்ஜின் அதே சூட்டில். எது எப்போது என்று உங்களால் சொல்ல முடிகிறதா பாருங்கள். பவரை அளக்கும் டைனோ மெஷின் கிடைத்தால் பூஸ்டரோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை, மறுபடி பூஸ்டரோடு ஒருமுறை என ஓட்ட வேண்டும். எதையுமே மாற்றாமல் இரண்டு தடவை ஓட்டினாலே அளவு கொஞ்சம் மாறும். அந்த வித்தியாசத்துக்குள் அடங்குகிற "முன்னேற்றம்" முன்னேற்றமே அல்ல.

போடுவதால் நஷ்டம் ஒன்றுமில்லையே என்று கேட்டால், உண்டு. ஒவ்வொரு புது இணைப்பும் சேறும் தண்ணீரும் புக இன்னொரு வழி. இன்னும் மோசம், பூஸ்டரோடு ரெசிஸ்டர் இல்லாத கேப்பும் பிளக்கும் போடச் சொல்வது. டூ ஸ்ட்ரோக்கில் பரவலாகப் போடும் என்ஜிகே பிஆர்8இஎஸ் பிளக்கின் பெயரில் வருகிற ஆர், உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைக் குறிக்கிறது. பொறி கிளப்பும் மின் இரைச்சலை அது அடக்குகிறது. அதை எடுத்துவிட்டால் டிஜிட்டல் சிடிஐயோ இசியுவோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) குழம்பி, வண்டி நடுவழியில் விட்டு விட்டு ஓடும். பிறகு அந்தக் கோளாறைத் தேடி நாள் முழுக்க அலைய வேண்டும்.

இழுவைதான் வேண்டுமென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் 13 பல் இருக்கும் இடத்தில் 12 பல் போடுங்கள். பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 8 சதவீதம் கூடும், அதே கணக்கில் உச்ச வேகம் குறையும். பவர் ஏறவில்லை, பங்கீடுதான் மாறியது. ஆனாலும் மேட்டில் ஏறும்போது கையில் தெரியும். தேய்ந்த ரிங், டூ ஸ்ட்ரோக்கில் கலவை உள்ளே போகும் வழியில் இருக்கும் நுனி உடைந்த ரீட் வால்வு, ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வு கிளியரன்ஸ், இவையெல்லாம் பார்த்த பிறகுதான் மற்றது.

இக்னிஷனில் நிஜமாகவே பவரைத் தொடுகிற விஷயம் ஒன்று உண்டு. அது பொறி பாயும் நேரம். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 6 மில்லிசெகண்ட்தான் ஆகிறது. கலவை எரிந்து முடிய நேரம் வேண்டும் என்பதால் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி பாய வேண்டும். எவ்வளவு முன்பு என்பது ஆர்பிஎம்முக்கும் சுமைக்கும் தக்கபடி மாறும். புரோகிராம் செய்யக்கூடிய சிடிஐ இதைத்தான் மாற்றுகிறது. டூ ஸ்ட்ரோக்கில் மேல் ஆர்பிஎம்மில் டைமிங்கைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் எக்ஸாஸ்ட் பைப் சூடேறி, வண்டி இன்னும் கொஞ்சம் மேலே சுழலும். அதனால் இதைப் பூஸ்டரோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஆனால் இதில் ஆபத்தும் நிஜம். டைமிங்கை அதிகமாக முன்னால் தள்ளினால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டனே ஓட்டையாகும். டைமிங்கைத் தொட்ட பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகுப் பொடி தூவியது போலக் கருப்பாகவோ பளபளப்பாகவோ சின்னப் புள்ளிகள் தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு டைமிங்கைப் பின்னால் கொண்டுவாருங்கள். பளபளப்பாகத் தெரிவது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.