பேனல்: பலகையா, பட்டையா, பலகமா?

கோலாலம்பூரில் ‘பேனல்’ என்றால் முதலில் ஞாபகம் வருவது கிளினிக்தான். காய்ச்சல் என்று சொன்னால், “பேனல் கிளினிக்கிலேயே எம்சி வாங்கிட்டு வா” என்பார் முதலாளி. (எம்சி என்றால் மருத்துவ விடுப்புச் சான்றிதழ்.) கணினித் திரையின் ஓரத்தில் ஐகான்களையும் கடிகாரத்தையும் தாங்கி நிற்கும் நீளப் பட்டைக்கும் அதே பெயர். கிளினிக்குக்கும் திரைக்கும் என்ன உறவு?

மூலம் துணி. லத்தீனில் ‘பன்னுஸ்’ என்றால் துணி. அதிலிருந்து பிறந்து, துணித்துண்டு என்ற பொருளோடு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் பேனல். இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஜூரிகளின் பெயர்களை எழுதிய தோல் துண்டுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் பெயர்ப்பட்டியலே பேனல், பட்டியலில் உள்ளவர்களும் பேனல். நம் கிளினிக் இந்தக் கிளை: கம்பெனியின் பட்டியலில் உள்ள கிளினிக். இன்னொரு கிளை தச்சரிடம் போனது. கதவுச் சட்டத்துக்குள் பொருத்தும் பலகைத் துண்டு, கார் கதவின் தகடு, ஸ்விட்ச் பலகை, கடைசியில் கணினித் திரை.

ஆகவே தமிழில் ஒரே சொல் போதாது. கிளினிக்குக்குப் ‘பட்டியல்’ சரி. திரைக்கு? ‘பலகை’ கைவசம் இருக்கிறது; ஆனால் விசைப்பலகை அதை ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. (மலாயிலும் அப்படித்தான்: பாப்பான் கெகுன்ச்சி. பாப்பான் என்றால் பலகை.) ‘பட்டை’ என்றால் பணிப்பட்டை நினைவுக்கு வரும், அது பேனலில் ஒரு வகை மட்டுமே. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் தமிழாக்கங்களில் புழங்கும் ‘பலகம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. பலகையின் வாசம் இருக்கிறது, குழப்பம் இல்லை.

சிக்கல் இரண்டாவது பலகத்தைச் சேர்க்கும்போதுதான் தொடங்குகிறது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் அக்கா ஒருவர் பழைய கணினியில் மாட்டே வைத்திருக்கிறார். (அது லினக்ஸில் திரையின் பலகங்களையும் ஐகான்களையும் காட்டும் மென்பொருள், அதாவது ஒரு மேசைச்சூழல். க்னோம் என்ற இன்னொரு மேசைச்சூழலின் மூன்றாம் பதிப்பு 2011இல் வந்தபோது, பழைய க்னோம் 2 போதும் என்றவர்கள் பிரித்தெடுத்தது.) திரையின் இடது ஓரத்தில் இரண்டு பலகங்கள், ஒன்றையொட்டி ஒன்று. “தம்பி, உள்ளே இருக்கிறதை அமுக்கினா வெளியே இருக்கிறது திறக்குது” என்றார். உட்கார்ந்து பார்த்தேன். மவுஸை இடப்பக்கம் வீசுகிறார், அம்பு உள் பலகத்தைத் தாண்டி ஓரம் வரை ஓடிவிடுகிறது. ஒளிந்திருந்த வெளிப் பலகம் எட்டிப் பார்த்து உள் பலகத்தை மூடிவிடுகிறது.

அக்காவின் கை மேல் தப்பில்லை. பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் சொன்னதுதான்: இலக்கு தூரமாகவும் சிறியதாகவும் இருந்தால் எட்ட நேரம் கூடும். திரையின் ஓரம் மட்டும் சலுகை தருகிறது. எவ்வளவு வேகமாக வீசினாலும் அம்பு அங்கே நின்றுவிடும். உள் பலகத்துக்கு அந்தச் சுவர் இல்லை. குறி பார்த்து நிறுத்த வேண்டும்.

இரண்டு திரைகளை அருகருகே வைத்தால் இன்னும் மோசம். நடுவில் இருக்கும் ஓரம் ஓரமே இல்லை, அம்பு அடுத்த திரைக்கு நழுவிவிடும். மூலையிலும் தகராறு உண்டு: மேல் பலகமும் பக்கப் பலகமும் சந்திக்கும் சதுரம் யாருக்கு? சங்கப் பலகையாக இருந்தால் தானே நீண்டு புலவருக்கு இடம் கொடுத்திருக்கும்; திரையில் யாராவது ஒருவர் சுருங்கத்தான் வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரே பெயர் வைப்பது சரியில்லை. ஒரே ஓரத்தில் ஒன்றையொட்டி ஒன்றாக நிற்பவை ‘அடுக்குப் பலகங்கள்’, மூலையில் முட்டிக்கொள்பவை ‘அண்டைப் பலகங்கள்’ என்று நான் பிரித்துக்கொள்கிறேன். முன்னதில் சுவர் பிரச்சினை, பின்னதில் எல்லைப் பிரச்சினை.

அக்காவின் கணினியில் உள் பலகத்தின் ஐகான்களை வெளிப் பலகத்துக்கு மாற்றி, தானாக ஒளிவதையும் நிறுத்திவிட்டேன். பலகம் என்ற சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது இன்னும் “ஓரத்துல இருக்கிறது”தான்.