படகின் அடியில் கரையும் துத்தநாகம்

மலேசியாவின் லங்காவித் தீவில் பழுதுபார்க்கக் கரையேற்றி வைத்திருக்கும் பாய்மரப் படகுகளின் கீழே நடந்து போனால் ஒரு பொருள் கண்ணில் படும். புரொப்பல்லரைச் சுழற்றும் எவர்சில்வர் தண்டைச் சுற்றி, எலி கரம்பிய தேங்காய்ச் சில்லு போல ஒரு சாம்பல் நிற உலோகத் துண்டு இருக்கும். மாட்டிய அன்று அது வழவழப்பான முழு உருண்டை. இப்போது பாதி இல்லை, மீதி மேடும் பள்ளமுமாக நிற்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு ஏதோ கெட்டுப்போன பாகம் என்று தோன்றும். கெட்டுப்போவதற்காகவே மாட்டிய பாகம் அது.

அது துத்தநாகம். படகுக்காரர்கள் ‘ஜிங்க்’ என்பார்கள். வருடக்கணக்கில் படகிலேயே குடியிருந்து நாடு நாடாகப் போகிறவர்களின் நாளில் பெரும்பகுதி பழுதுபார்ப்பிலேயே போகும். காலையில் கழிவறைப் பம்பு அடைத்துக்கொள்ளும், மதியம் பாயின் தையல் விடும், சாயங்காலம் எஞ்சின் பெல்ட் கத்தும். இதெல்லாம் தெரிந்து கெடுகிறவை. தண்ணீருக்கு அடியில் உலோகம் அரிப்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் மாதம் ஒருமுறையாவது முகமூடி மாட்டிக்கொண்டு முங்கி, புரொப்பல்லரில் ஒட்டிய கொட்டலசு என்ற ஓடுள்ள சின்னக் கடல் உயிரிகளைச் சுரண்டிவிட்டு, ஜிங்க் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்கிறார்கள்.

பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் ஒரு செப்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஒரு ஆணியையும் குத்தி மின்சாரம் எடுத்தது நினைவிருக்கும். கடலில் நிற்கும் படகும் அதே சோதனைதான். பழச்சாறு இருந்த இடத்தில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்த கடல்நீர். செம்பின் இடத்தில் வெண்கலப் புரொப்பல்லர். ஆணியின் இடத்தில் ஜிங்க். இரண்டு வேறு உலோகங்கள் ஒரே உப்புநீரில் நனைந்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் இருந்தால் அது ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது. எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் அயனியாகிக் கரையும். வாங்கிக்கொள்ளும் உலோகம் அப்படியே நிற்கும்.

எது விட்டுக்கொடுக்கும், எது வாங்கும் என்பதற்குக் கடல்நீரில் ஒரு வரிசை உண்டு. முதலில் விடுவது மெக்னீசியம். அடுத்து துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பிறகு வெண்கலம், கடைசியில் எவர்சில்வர். வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை அளவுகோலாக வைத்து அளந்தால் துத்தநாகம் சுமார் −1.03 வோல்ட் காட்டும், வெண்கலம் −0.3 வோல்ட்டை ஒட்டி நிற்கும். இடையில் இருக்கும் முக்கால் வோல்ட்தான் எலக்ட்ரான்களைத் துத்தநாகத்திலிருந்து புரொப்பல்லருக்குத் தள்ளுகிறது. அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை எடுத்து ஹைட்ராக்சைடாக மாறுகிறது. ஆக்சிஜனின் பசிக்கு வெளியிலிருந்து சாப்பாடு வந்துவிடுவதால், வெண்கலம் தன் அணுக்களை இழக்க வேண்டியதில்லை. நம் வீட்டுக் குளியலறையில் மாட்டியிருக்கும் கீசர் பலவற்றின் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஜிங்க் இல்லாவிட்டால் என்ன ஆகும்? மோசமாக மாட்டிக்கொள்வது பித்தளை. அது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை மட்டும் மெல்ல உருவி எடுத்துவிடும். உருவமும் அளவும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். மிஞ்சுவது ஓட்டைகள் நிறைந்த, ரஸ்க் போல நொறுங்கும் செம்பு. படகின் அடியில் கடல்நீரை உள்ளே எடுக்கும் வால்வு இப்படிப்பட்ட மலிவான பித்தளையில் செய்ததாக இருந்து, ஒருநாள் கைப்பிடியைத் திருப்பும்போது ஒடிந்தால், ஒன்றரை அங்குல ஓட்டை திறந்துகொள்ளும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கும் அத்தகைய ஓட்டை வழியாக நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வரும்.

இந்தப் பாடத்தை மனிதர்கள் கற்றுக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவிலிருந்து தப்ப, ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்த கப்பலைப் பரிசோதித்தபோது புழு தொடவில்லை, ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் உளுத்துக் கிடந்தன. சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. காரணம், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் உரிக்கப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே கிடந்திருக்கிறது. இத்தாலிய விஞ்ஞானி வோல்டா தன் மின்கலத்தை அறிவிப்பதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு உலோகங்களும் தொடாமல் இருந்தால் அரிப்பு இல்லை என்று ஒரு காகிதத் துண்டு காட்டிவிட்டது.

1824-இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதையே தலைகீழாகத் திருப்பினார். செம்பைக் காப்பாற்ற வேண்டுமானால் அதைவிட எளிதில் கரையும் இரும்பையோ துத்தநாகத்தையோ அதோடு சேர்த்துக் கட்டு என்றார். அவர் சோதித்த கப்பல்களில் ஒன்று ‘சமராங்’, கொச்சியில் கட்டப்பட்டது. செப்புப் பரப்பில் எண்பதில் ஒரு பங்கு அளவுக்கு வார்ப்பிரும்பை அதில் பொருத்தினார்கள். செம்பு அரிக்கவில்லை. ஆனால் சோதனைக் கப்பல்களில் பாசியும் கொட்டலசும் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிட்டன. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரில் நஞ்சாவதால்தான் உயிரிகள் ஒட்டாமல் இருந்தன. அந்தக் கரைதலை டேவி நிறுத்திவிட்டார்! கடற்படை அந்தக் காப்பைக் கழற்றிவிட்டது. டேவியின் கணக்கில் பிழை இல்லை. இன்றும் அதே காரணத்தால்தான் ஜிங்க் நன்றாகக் காக்கும் வெண்கலப் புரொப்பல்லரில் கொட்டலசு குஷியாக வளர்கிறது, யாராவது முங்கிச் சுரண்ட வேண்டியிருக்கிறது.

சரி, ஒரு ஜிங்க் எத்தனை நாள் வரும்? ஒரு கிலோ துத்தநாகம் நடைமுறையில் ஏறக்குறைய 780 ஆம்பியர்-மணி மின்னோட்டம் தரும். படகின் உலோகங்கள் 0.1 ஆம்பியர் கேட்டால் 7,800 மணி நேரம், அதாவது சுமார் பதினொரு மாதம். நங்கூரமிட்டுத் தனியாக நிற்கும் படகுக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

படகுத்துறைக்குள் போய் மின்சார வயரைச் செருகியதும் கணக்கு மாறுகிறது. இதுதான் ஊர்விட்டு ஊர் போகிறவர்களைத் திகைக்க வைக்கும் இடம். ஒரு வருடம் வந்த ஜிங்க், புதுத் துறையில் ஆறு வாரத்தில் தீர்ந்துவிடும். கரைமின்சார வயரில் எர்த் கம்பி ஒன்று இருக்கிறது. பாதுகாப்புக்காகப் படகின் எஞ்சினும் தண்டும் பெரும்பாலும் அதோடு இணைக்கப்பட்டிருக்கும். பக்கத்துப் படகிலும் அப்படியே. இரண்டு படகும் ஒரே எர்த்தில் சேர்ந்ததும், நடுவில் உப்புநீர் இருக்க, இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய மின்கலம். பக்கத்துக்காரர் ஜிங்க் மாற்றாமல் விட்டிருந்தால் அவர் புரொப்பல்லரையும் உங்கள் துத்தநாகமே காப்பாற்றும். துறையின் இரும்புத் தூண்களும் எர்த்தில் சேர்ந்திருந்தால் அவற்றுக்கும் பங்கு உண்டு.

இதைத் தடுக்க எர்த் கம்பியை வெட்டிவிடலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படகுக்குள் கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் தண்ணீருக்குள் இறங்கும், பக்கத்தில் நீந்துகிறவர் உயிர் போகக்கூடும். சரியான வழி, எர்த் கம்பியின் நடுவே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் கொண்ட ஒரு தடுப்புப் பெட்டி வைப்பது. ஒவ்வொரு திசையிலும் இரண்டு டையோடுகள் தொடராக இருக்கும். ஏறக்குறைய 1.2 வோல்ட் வந்தால்தான் அவை திறக்கும். உலோகங்களுக்கு இடையிலான முக்கால் வோல்ட்டால் அதைத் தாண்ட முடியாது. 230 வோல்ட் கசிவு வந்தால் தடையின்றி எர்த்துக்குப் போய்விடும். பணம் இருப்பவர்கள், கரையோடு நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாமலே மின்சாரம் தரும் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள், அது இன்னும் உறுதி.

இன்னொரு வில்லன், படகுக்குள் தேங்கும் நீரை இறைக்கும் பம்பின் வயர். அதன் இன்சுலேஷன் கிழிந்து 12 வோல்ட் பேட்டரி மின்சாரம் நீரில் கசிந்தால், முக்கால் வோல்ட் மின்கலம் மாதங்களில் செய்யும் சேதத்தை அது சில நாட்களில் செய்துவிடும். அதற்கு எந்த ஜிங்கும் ஈடுகொடுக்காது.

வேகமாகக் கரையும் ஜிங்க் கவலை தருகிறது என்றால், கரையவே கரையாத ஜிங்க் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. பெயிண்ட் அடிக்கும்போது அதன்மேலும் அடித்துவிட்டிருக்கலாம். தண்டைச் சுத்தமாகத் தேய்க்காமல் மாட்டியதால் தொடுப்பு இல்லாமல் இருக்கலாம். கலப்பட உலோகமாகவும் இருக்கலாம். அமெரிக்க ராணுவத் தரம் ஜிங்கில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது, தாண்டினால் மேலே ஒரு கெட்டித் தோல் படிந்து வேலை நின்றுவிடும். உள்ளூர்ப் பட்டறையில் பழைய துத்தநாகத்தை உருக்கி வார்த்ததை வாங்கினால் இந்த ஆபத்து உண்டு.

நன்னீரிலும் இதே தோல் படியும். கரீபியப் பகுதியில் சூறாவளிக் காலத்துக்குப் பல படகுகள் குவாத்தமாலாவின் ரியோ துல்சே ஆற்றுக்குள் போய் ஒதுங்குகின்றன. மாதக்கணக்கில் ஆற்றில் நின்றால் துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் பொருக்கு மூடிவிடும். கடலுக்குத் திரும்பிய பிறகும் அது விழிக்காமல் போகலாம், புது ஜிங்க் மாட்டுவதே நல்லது. ஆறும் கடலும் மாறி மாறிப் போகிறவர்களுக்கு அலுமினியக் கலவை பொருத்தம். நன்னீரிலேயே நிற்பவர்களுக்கு மெக்னீசியம். மெக்னீசியத்தைக் கடலில் மாட்டினால் சீக்கிரம் தீர்ந்துபோவதோடு, தேவைக்கு மேல் காப்புத் தரும். மரப்படகில் அது கெடுதல். உலோகத்தைச் சுற்றி உருவாகும் ஹைட்ராக்சைடின் காரம் மரத்தை நாராக்கி மென்மையாக்கிவிடும்.

கண்ணால் பார்ப்பதைவிட நல்லது அளப்பது. வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையைக் கயிற்றில் கட்டிக் கடலில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையைப் புரொப்பல்லர் தண்டில் வைக்க வேண்டும். ஜிங்க் இல்லாதபோது வந்த எண்ணைவிடக் குறைந்தது 200 மில்லிவோல்ட் மைனஸ் பக்கமாகக் கீழே இறங்கியிருந்தால் காப்பு வேலை செய்கிறது.

அப்புறம், கழற்றிய பழைய ஜிங்கைத் தூக்கிப் போடாமல் பொருக்கைச் சுரண்டி எடை போட்டுப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். 200 நாளில் 400 கிராம் குறைந்திருந்தால் 312 ஆம்பியர்-மணி, அதாவது சராசரியாக 65 மில்லி ஆம்பியர். இதுதான் அந்தப் படகின் வழக்கமான பசி. அடுத்த துறைமுகத்தில் அதே 400 கிராம் ஒரே மாதத்தில் போனால் பசி ஏழு மடங்காகிவிட்டது என்று அர்த்தம். புது ஜிங்க் வாங்கக் கிளம்பும் முன் கரைமின்சார வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.